பூ இருக்கிறது, தேனீயைக் காணோம்: வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

மாடித்தோட்டத்தில் கொடிக்காய்கறி வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நின்றன: பூக்கிறது, காய்க்கவில்லை; தேனீ கண்ணிலேயே படுவதில்லை; வந்தாலும் கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களைத் தேனீக்கே ஒதுக்கிவிட்டோம்.

ஐயா, எங்கள் மாடியில் மூன்று பூசணிக் கொடிகள் இரண்டு மாதமாகப் பூத்துத் தள்ளுகின்றன. பிஞ்சும் வைக்கிறது. ஆனால் நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தொழுவுரம், மண்புழு உரம், பஞ்சகவ்யம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் என்ன உரம் கொடுக்கலாம்?
— வாசகி, மதுரை

இனி எந்த உரமும் வேண்டாம். நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது இன்னும் பிஞ்சே ஆகவில்லை. பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். பெண்பூவின் அடியில், பூ மலர்வதற்கு முன்பே, குட்டிப் பூசணியைப் போன்ற ஓர் உருண்டை இருக்கும், அது சூலகம். ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவின் சூல்முடியைச் சேர்ந்தால்தான் அந்த உருண்டை காயாகும். சேராவிட்டால் கொடி அதை உதறிவிடும். பூசணியின் மகரந்தம் பெரியது, ஒட்டும் தன்மையுடையது. காற்றில் பறந்து போகாது. அதைச் சுமந்து செல்ல ஓர் உயிர் வந்தாக வேண்டும்.

அந்த உயிர் எப்போது வர வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். பூசணிப் பூ விடியும்போது மலர்ந்து, வெயில் ஏறி ஒன்பது பத்து மணி ஆவதற்குள் சுருங்கிவிடும். நாளைக் காலை ஆறரை மணிக்குக் கொடியருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் ஒரு தேனீகூட வரவில்லையென்றால் குறை கொடியில் இல்லை. நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் மாடியின் நான்கு பக்கமும் பச்சை நிழல்வலையைத் தரை வரைக்கும் இறக்கிக் கட்டியிருப்பது தெரிகிறது. வெயிலுக்கு மேலே வலை இருக்கட்டும். பக்கவாட்டில் கட்டியதைச் சுருட்டி மேலே தூக்கிவிடுங்கள். குரங்குக்கும் அணிலுக்கும் பயந்து கட்டிய வலை தேனீயையும் வெளியே நிறுத்திவிடும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

தேனீ வந்து பழகும் வரை நீங்களே அந்த வேலையைச் செய்யலாம். காலை எட்டு மணிக்குள், அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்து விதைகள் மட்டும் உருவாகிக் காய் கோணலாகப் பெருக்கும். சந்தையில் ஒதுக்கிப் போடும் கோணல் காய்களில் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கொடியும் காலையில் பூப்பதில்லை. பாகலும் வெண்பூசணியும் காலையில் பூக்கும். சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் பொழுது சாயும் நேரத்தில் பூக்கும். சுரையின் வெள்ளைப் பூவை இரவில் தேடி வருவது அந்துப்பூச்சி. ஆகவே சுரைக்காய் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கும் விருதுநகர் வாசகருக்கும் இதிலேயே பதில் உண்டு: தேனீயை எதிர்பார்த்துக் காலையில் காத்திருக்காதீர்கள், மாலை ஏழு மணிக்கு மாடி விளக்கை அணைத்துவிட்டுக் கையால் மகரந்தம் சேருங்கள்.

சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் வைக்கலாம். செம்பருத்தி, நித்தியகல்யாணி, இட்லிப்பூ, காகிதப்பூ என்று நிறம் நிறமாக வைத்திருக்கிறேன். ஒரு தேனீயும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாவது மாடி வரைக்கும் தேனீ ஏறி வருமா?
— வாசகி, சென்னை

தாராளமாக வரும். மலைத்தேனீ பல மாடிக் கட்டடங்களின் உச்சியிலேயே அடை கட்டுகிறது. உயரத்தைவிட வீசும் காற்றுதான் அதற்குத் தொல்லை. தொட்டிகளைச் சுவர் மறைவில் வையுங்கள். மற்றபடி உங்கள் தோட்டம் கண்ணுக்கு விருந்து, தேனீக்குப் பட்டினி. நித்தியகல்யாணிக்கும் இட்லிப்பூவுக்கும் நீண்ட, குறுகலான குழல் இருக்கிறது. அதன் அடியில் உள்ள தேன் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு எட்டுமேயன்றித் தேனீயின் நாக்குக்கு எட்டாது. காகிதப்பூவின் கதையும் அதுவே. நாம் பூவிதழ் என்று ரசிப்பது நிறம் மாறிய இலை, உண்மையான பூ அதன் நடுவில் உள்ள சிறிய குழல். செம்பருத்தியில் அடுக்குச் செம்பருத்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அடுக்குப் பூக்களில் மகரந்தத்தைத் தர வேண்டிய கேசரங்களே கூடுதல் இதழ்களாக மாறியிருக்கும். நாற்றங்காலில் அதிக விலை சொல்லும் பூக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். தவிர, சிவப்பு தேனீயின் கண்ணுக்குத் தனி நிறமாகத் தெரிவதில்லை. நீலமும் ஊதாவும் மஞ்சளும் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். தேனீக்கு நிறம் பிரித்தறியத் தெரியும் என்பதைச் சோதனைகளால் நிறுவிய கார்ல் வான் ஃபிரிஷ் பிற்பாடு 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு, சமையலறையில் இருக்கும் கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டு தொட்டிகளில் தூவுங்கள். ஒரு தொட்டியைக் கிள்ளிச் சமையுங்கள். மற்றதைப் பூக்க விடுங்கள். கடுகும் அப்படியே. வெங்காயம் முளைத்துவிட்டதா, நட்டுவிடுங்கள். அதன் வெள்ளைப் பூவுருண்டையைத் தேனீ விடவே விடாது. துளசி கட்டாயம் வேண்டும். இலை நிறைய வரட்டும் என்று நாம் துளசியின் கதிரைக் கிள்ளிவிடுகிறோம். அந்தக் கதிர்தான் தேனீக்கு வேண்டியது. நான்கு துளசி இருந்தால் இரண்டை மட்டும் கிள்ளுங்கள். காலை வெயில் பட்டதும் எறும்பைவிடச் சற்றே பெரிய, கறுத்த கொசுத்தேனீக்கள் அதன் மேல் மொய்ப்பதையும், அவற்றின் பின்னங்கால்களில் மகரந்தம் மஞ்சள் உருண்டையாக ஒட்டியிருப்பதையும் அருகே குனிந்து பார்க்கலாம். கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது, தைரியமாகக் குனியலாம்.

பன்னிரண்டு தொட்டிகளில் பன்னிரண்டு வகை வைப்பது நம் ஆசை. தேனீயின் பழக்கம் வேறு. ஒரு முறை கூட்டைவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் அது தொடர்ந்து நாடும். ஒற்றைத் தொட்டியில் நாலு பூ இருந்தால் அதற்காக மூன்று மாடி ஏறி வருவது அதற்குக் கட்டுப்படியாகாது. நான்கு வகை, வகைக்கு மூன்று தொட்டி, மூன்றும் சேர்ந்தாற்போல — இதுதான் சரியான கணக்கு. தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கு இதைவிட எளிது. வேம்பும் புங்கமும் பங்குனி, சித்திரையில் ஊருக்கே சோறு போட்டுவிடும்; முருங்கையும் தென்னையும் ஆண்டின் பெரும்பகுதி கைகொடுக்கும். அவை ஓயும் நாட்களில் பூக்கும்படி ஒரு மூலையை விட்டுவைப்பதுதான் நம் வேலை. மழைக்குப் பின் தானாக முளைக்கும் தும்பை, துத்தி, கிணற்றடிப்பூண்டு ஆகியவற்றைக் களை என்று ஒட்டச் செதுக்காமல், பூத்து முடியும் வரை பொறுத்திருந்தால் போதும்.

ரோஜாச் செடியின் இலைகளை யாரோ கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டியதுபோல இருக்கிறது. புழு எதுவும் இல்லை. கூடவே ஒரு விந்தை: கூடத்தில் பயன்படுத்தாமல் இருக்கும் பிளக் பாயின்ட்டின் துளைக்குள் பச்சை இலை சுருட்டி அடைத்திருக்கிறது. பேரன்தான் செய்தான் என்று திட்டிவிட்டேன். என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

முதலில் பேரனிடம் சமாதானம் பேசுங்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆள்: இலைவெட்டித் தேனீ. இது கூட்டமாக வாழாது, அடை கட்டாது, தேன் சேர்த்துவைக்காது. ஒற்றைத் தாய், தன் குஞ்சுகளுக்காகத் தானே உழைக்கும். இலையின் விளிம்பைக் கால்களால் பற்றிக்கொண்டு, தாடையால் சில நொடிகளில் ஒரு துண்டை வெட்டி, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பறந்துவிடும். நீள்வட்டத் துண்டுகள் அறையின் சுவருக்கு, முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. சுருட்டுபோல அடுக்கிய அந்த அறைக்குள் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிட்டு, அடுத்த அறையைத் தொடங்கும். மற்ற தேனீக்கள் மகரந்தத்தைக் காலில் சுமக்க, இது வயிற்றின் அடியில் உள்ள மயிரில் சுமக்கும். பூவில் உட்காரும்போது வயிறு மஞ்சளாகத் தெரிந்தால் இதுதான் என்று கண்டுகொள்ளலாம்.

ரோஜாவுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. இலையில் நாலு அரைவட்டம் குறைந்தால் பூ குறையாது. மருந்து அடித்தால் நட்டம் உங்களுக்குத்தான், ஏனெனில் அவரையும் துவரையும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் பூக்களை நாடி வருபவற்றில் இதுவும் ஒன்று. பிளக் பாயின்ட்டின் சுவிட்சை மட்டும் அணைத்தே வையுங்கள், குஞ்சு வெளியே வந்த பிறகு துடைத்துக்கொள்ளலாம். குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் குழந்தை பிறக்கப் போகிறது என்று கலைக்காமல் விடுவார்கள் நம் பாட்டிமார். அந்தச் சலுகையை இதற்கும் கொடுக்கலாம்.

அடுத்த முறை அது கூடத்துக்கு வராமலிருக்க, வெளியிலேயே இடம் கொடுத்துவிடுங்கள். சுண்டுவிரல் பருமனுக்கு உட்பட்ட துளையுள்ள மூங்கில் குச்சிகளை, ஒரு முனையில் கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, இருபது முப்பதைச் சேர்த்துக் கட்டி, மழைச்சாரல் படாத, காலை வெயில் விழும் சுவரில் அசையாமல் பொருத்துங்கள். இப்போது அழகழகாக விற்கும் ‘பூச்சி விடுதி’களில் பல, துளை பெரிதாகவும் பின்பக்கம் திறந்தும் இருப்பதால் சிலந்திக்குத்தான் பயன்படுகின்றன. குச்சிகளை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஒட்டுண்ணிகள் சேர்ந்துவிடும்.

பந்தல் மூங்கிலில் கறுப்பாக, பெரிதாக ஒரு வண்டு ஓட்டை போடுகிறது. கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. அடித்துவிடலாமா?
— வாசகர், தென்காசி

வேண்டாம். கருவண்டு என்று நாம் சொல்லும் அது வண்டே அல்ல, தச்சுத் தேனீ. அதில் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண் கையில் பிடித்தால்தான் கொட்டும். அது மரத்தைத் தின்பதில்லை, குடியிருக்கத் துளைக்கிறது, அவ்வளவுதான். கத்தரியிலும் தக்காளியிலும் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும். உப்புக்குடுவையைக் குலுக்குவதுபோலக் குலுக்கினால்தான் நுனித்துளை வழியே கொட்டும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் அந்த வித்தை தெரியாது. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்ப்பது இந்தக் கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட இன்னொரு தேனீயும்தான். நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் அந்தி நேரத்தில் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்குவதைத் தென்காசிப் பக்கம் நீங்களே பார்த்திருக்கக்கூடும். முருங்கைப் பூவுக்கும் கருவண்டே முக்கியமான விருந்தாளி. பந்தல் கால் பலவீனமாகும் என்ற கவலை இருந்தால் அந்த ஒரு மூங்கிலை மட்டும் மாற்றி, பழையதை வேலியோரம் சாய்த்துவையுங்கள். வீட்டு உத்தரத்துக்கு வர்ணம் அடித்துவைத்தால் அந்தப் பக்கம் அதிகம் போகாது.

தேனீ அழிந்து வருகிறது என்று எங்கும் பேசுகிறார்கள். எங்கள் பங்குக்கு வீட்டுத்தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைக்கலாம் என்றிருக்கிறோம். ஐந்து சென்ட் மனை. எங்கே வாங்கலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

எங்கே வாங்கலாம் என்பதற்கு முன்பு, வாங்கலாமா என்று கேட்டிருக்கலாம். தேனுக்காக வைக்கிறீர்கள் என்றால் அது நல்ல தொழில். இயேசு சபையைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் திருச்சிராப்பள்ளியில் 1910களில் உருவாக்கிய பெட்டியும், மார்த்தாண்டத்தில் வளர்ந்து ஊர் ஊராகப் பரவிய தேனீ வளர்ப்பும் தென்தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஆனால் தேனீயைக் காப்பாற்றப் பெட்டி வாங்குவது, காட்டுப் பறவைகளைக் காப்பாற்றக் கோழிப் பண்ணை வைப்பதைப் போன்றது. ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள் இருக்கும். ஐந்து சென்ட்டில் பூக்கும் பூ அவற்றுக்கு ஒரு வாய்க்குக் காணாது. சுற்றுவட்டாரத்தில் பூ குறைவாக இருந்தால், மேலே சொன்ன தனித்தேனீக்களின் பங்கையும் அவை எடுத்துக்கொள்ளும், அல்லது பெட்டியையே விட்டு ஓடிப்போகும். கூட்டத்தை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் நோயும் வரும்: 1990களின் தொடக்கத்தில் பரவிய ‘தாய் சாக்புரூட்’ (தாய்லாந்து சாக்புரூட்) என்ற வைரஸ் நோயில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகள் பெருமளவில் காலியானதைக் கன்னியாகுமரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

அப்படியும் ஆசை விடாது என்றால், உங்கள் ஊரிலேயே இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற பிறகு, பக்கத்து வீட்டாரின் சம்மதத்தையும் பெற்று, ஒரே ஒரு பெட்டியோடு தொடங்குங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு ஒரு முருங்கைப் போத்தும் ஒரு புங்கங்கன்றும் நட்டுவிட்டு, மீதியை வங்கியில் போடச் சொல்வேன்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்து, வேரில் ஊற்றினால் போதும், தேனீயின் மேல் படவே படாது என்கிறார். நம்பலாமா?
— வாசகி, ஈரோடு

மேலே படாது, வயிற்றுக்குள் போகும். வேரில் ஊற்றும் ஊடுருவு மருந்துகள் சாறு வழியாகச் செடி முழுவதும் ஏறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். அவற்றுள் அதிகம் விற்கும் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்ததே தேனீயின் பொருட்டுத்தான். மாவுப்பூச்சிக்குத் தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, பொழுது சாய்ந்தபின், பூக்களைப் பறித்துவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். வேப்பெண்ணெய்தானே என்று பட்டப்பகலில் பூவின் மேல் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள்; இயற்கை மருந்தும் மருந்துதான்.

கோடையில் வாளித் தண்ணீரில் தினமும் பத்துப் பதினைந்து தேனீ விழுந்து செத்துக் கிடக்கின்றன. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் அங்கே போய்விடுமா?
— வாசகி, தூத்துக்குடி

சர்க்கரை வேண்டாம், எறும்பும் சண்டையும்தான் வரும். பல கூட்டுத் தேனீக்கள் ஒரே தட்டில் வாய் வைப்பதால் நோயும் பரவலாம். அவை தேடி வருவது வெறும் தண்ணீரைத்தான். வெயில் காலத்தில் அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்த் துளித்துளியாகப் பரப்பி, இறக்கையால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கும். வாளியின் சுவர் வழுக்குவதால் ஏற முடியாமல் மூழ்குகின்றன. அகலமான மண்தட்டில் கூழாங்கல்லைப் பரப்பி, கல்லின் தலை நனையாத அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, நிழலில் ஒரே இடத்தில் வையுங்கள். இடத்தை மாற்றினால் மறுபடியும் தேடி அலையும். வாளிக்கு மூடி போட்டுவிடுங்கள், அல்லது ஒரு தேங்காய் மட்டையை மிதக்க விடுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றும்போது தட்டையும் தேய்த்துக் கழுவுங்கள்.

மேல்நிலைத் தொட்டியின் அடியில் முறம் அளவுக்கு ஒரு தேனடை தொங்குகிறது. இரவில் தீப்பந்தம் காட்டிக் கலைத்துவிடலாம் என்கிறார் காவலாளி.
— குடியிருப்பு நலச்சங்கச் செயலாளர், சேலம்

கூடவே கூடாது. ஒற்றை அடையாகத் திறந்தவெளியில் தொங்குவது மலைத்தேனீ. சீண்டினால் கூட்டமாக விரட்டி வந்து கொட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதுவாகச் சில மாதங்களில் இடம்பெயர்ந்து போய்விடும் இனம் அது. ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் படிக்கதவைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, அருகே புகையும் பட்டாசும் கூடாது என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேலே இருந்தால் தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். யாரையாவது கொட்டிவிட்டால், மூடிய அறைக்குள் கூட்டிப்போய், கொடுக்கை நகத்தாலோ அட்டை விளிம்பாலோ உடனே வழித்து எடுத்துவிடுங்கள்; அது உள்ளே இருக்கும் வரை நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் எது வந்தாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும், சுண்ணாம்பு தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவர் விரிசலிலிருந்து மெழுகால் செய்தது போன்ற சிறிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வழியாகக் கொசு போன்ற பூச்சிகள் போய்வருகின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார். என்ன செய்வது?
— வாசகி, நாகர்கோவில்

சென்னை வாசகிக்குச் சொன்ன கொசுத்தேனீயின் வாசல் அது. மரப்பிசினும் மெழுகும் கலந்து தானே கட்டிய குழாய். பூச்சு பட்டு அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவை வெளியே வர முடியாது. வெள்ளையடிப்பவர் வரும் அன்று காலையில் சொன்னால் மறந்துவிடுவார். முந்தின நாளே குழாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சாக்கட்டியால் வட்டம் போட்டுவைத்து, அதற்குள் தூரிகை படக்கூடாது என்று காட்டிவிடுங்கள்.